செயின்ட் ஆல்பன்ஸின் பழைய பப்புகளும் இன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய ஊர் என்பதால், இங்கிலாந்து போகும் நம்மவர்கள் பலர் செயின்ட் ஆல்பன்ஸை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறார்கள். பேராலயம், ரோமானியச் சிதைவுகள், பிறகு 'பிரிட்டனின் மிகப் பழைய பப்' வாசலில் ஒரு படம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இங்கிலாந்தில் சந்தை ஊர்கள் எத்தனையோ இருக்க, செயின்ட் ஆல்பன்ஸுக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு?

சாலை, மடாலயம், சந்தை மூன்றும் ஒரே மேட்டில் கூடிய ஊர் இது. ரோமானியர் காலத்தில் இதன் அடிவாரத்தில் வெருலாமியம் என்ற நகரம் இருந்தது. லண்டனிலிருந்து வடமேற்கே போகும் வாட்லிங் சாலை அதன் வழியாகச் சென்றது. பிரிட்டனின் முதல் கிறிஸ்தவத் தியாகி என்று போற்றப்படும் ஆல்பன் இங்கேதான் கொல்லப்பட்டார். அவர் பெயரில் எழுந்த மடாலயத்தை 793-இல் மெர்சிய மன்னர் ஆஃபா நிறுவியதாக மரபு சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் வுல்சின் என்ற மடத் தலைவர் சந்தையை ஏற்படுத்தி, ஊருக்குள் நுழையும் மூன்று சாலைகளிலும் ஒவ்வொரு தேவாலயம் கட்டினார் என்பதும் மரபுதான். வாட்லிங் சாலையில் போகிறவர்கள் ஊருக்குள் வந்துதான் போக வேண்டும் என்று வழியையே திருப்பிவிட்டதும் மடாலயத்தின் வேலை. சாமியார்களுக்கு வியாபாரம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

லண்டனிலிருந்து சுமார் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். மோசமான சாலையில் குதிரையில் வருபவருக்கு ஒரு நாள் பயணம் இங்கே முடிந்துவிடும். யாத்திரிகர் கும்பிட வந்தார், வியாபாரி விற்க வந்தார், வடக்கே போகிறவர் இரவு தங்க வந்தார். புதன்கிழமையும் சனிக்கிழமையும் செயின்ட் பீட்டர்ஸ் தெருவில் இன்றும் சந்தை கூடுகிறது.

பப், இன், டேவர்ன், ஏல்ஹவுஸ் எல்லாம் ஒன்றுதானே?

இன்று பெயர்ப் பலகையில் எது இருந்தாலும் உள்ளே கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. இன் என்றால் தங்குமிடம்: படுக்கை, சாப்பாடு, குதிரைக்கு லாயம். டேவர்ன் என்றால் ஒயின் விற்கும் இடம். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் போவது. ஏல்ஹவுஸ், அதாவது ஏல் என்ற பழைய வகை பீர் விற்கும் வீடு, ஏழையின் இடம். பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறைதான் அது. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற பொதுப் பெயர் பிற்பாடு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

1577-இல் வரி விதிப்பதற்காக அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. விவரம் கிடைத்த மாவட்டங்களில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட ஏல்ஹவுஸ்களும், சுமார் 1,600 இன்களும், 300-க்குச் சற்று மேற்பட்ட டேவர்ன்களும் இருந்தன. இன் என்பது எவ்வளவு பெரிய முதலீடு என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

சட்டமும் இன்னை வேறு விதமாக நடத்தியது. அது நம் ஊர்ச் சத்திரம் போல அறத்துக்கு நடத்தியது அல்ல, காசு வாங்கும் தொழில். ஆனாலும் இடம் இருக்கும்போது காசு கொடுக்கத் தயாராக உள்ள வழிப்போக்கரைக் காரணமின்றித் திருப்பி அனுப்பக் கூடாது. அவருடைய பொருள் அங்கே களவு போனால் இன் நடத்துபவரே பொறுப்பு. 1584-இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஏல்ஹவுஸ்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருக்கு வேறு தொல்லை வந்தது: 1552-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் வாங்க வேண்டும்.

ஆக, பிரிட்டனின் மிகப் பழைய பப் இங்கேதான் இருக்கிறதா?

'யீ ஓல்ட் ஃபைட்டிங் காக்ஸ்' அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. வெர் ஆற்றங்கரையில், மடாலயத்துக்குக் கீழே, எட்டுப் பட்டை வடிவில் நிற்கும் அழகான சிறு கட்டடம். 793 என்ற ஆண்டை அது உரிமை கொண்டாடும். கின்னஸ் பதிவேடும் ஒரு காலத்தில் அதற்கு 'மிகப் பழையது' பட்டம் கொடுத்திருந்தது. பிறகு 2000-ஆம் ஆண்டில், இதைச் சரிபார்க்கவே முடியாது என்று அந்தப் பிரிவையே கின்னஸ் எடுத்துவிட்டது.

அந்தக் கட்டடத்தின் கதையைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். எட்டுப் பட்டைக் கூடு மடாலயத்தின் புறாக்கூண்டாக இருந்தது. துறவிகளின் சாப்பாட்டுக்குப் புறா வளர்த்த இடம். 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி மடாலயம் மூடப்பட்ட பிறகு, அந்த மரச்சட்டக் கட்டடத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பப்பாக அதற்கு உரிமம் கிடைத்தது 1756-இல். அப்போது அதன் பெயர் 'த்ரீ பிஜன்ஸ்', மூன்று புறாக்கள். சண்டைச் சேவல் பெயர் 1872-இல்தான் வந்தது. அதற்குள் சேவல் சண்டையைச் சட்டம் தடைசெய்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

கட்டடத்தின் வயது, மனையின் வயது, உரிமத்தின் வயது, பெயரின் வயது என்று ஒரு பப்புக்கு நான்கு வயது உண்டு. இவற்றில் பெரியது எதுவோ அதைப் பலகையில் எழுதுவது இங்கிலாந்து முழுக்க உள்ள வழக்கம். நாட்டிங்ஹாமில் ஒரு பப் 1189 என்கிறது. ஸ்டோ-ஆன்-த-வோல்ட் ஊரில் ஒன்று 947 என்கிறது. என்னைக் கேட்டால், 'எது மிகப் பழையது' என்பது இந்த ஊரில் கேட்கத் தகுந்த கேள்விகளிலேயே சுவை குறைந்தது. எந்தத் தெருவில் இன்கள் முளைத்தன, ஏன் செத்தன என்பதைத் தேடிப் போனால் ஊரின் முழு வரலாறும் கையில் வந்துவிடும்.

2015-இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா இந்தப் பப்பின் பெயரை 'புத்திசாலிச் சேவல்கள்' என்று மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதியது. பெயர் மாறவில்லை. 2022 தொடக்கத்தில் மூடப்பட்டு, அதே ஆண்டில் மறுபடி திறந்தது.

அங்கிருந்து மடாலயத்துக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதாமே?

பழைய பப் என்றால் ஒரு சுரங்கம், ஒரு பேய், ஆலிவர் கிராம்வெல் தங்கிய ஒரு இரவு, மூன்றும் கட்டாயம் இருக்கும். ஃபைட்டிங் காக்ஸுக்கும் மூன்றும் சொல்லப்படுகின்றன. ரசியுங்கள், நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

மடாலயக் காலத்தில் பீரை யார் காய்ச்சினார்கள்?

பெரும்பாலும் பெண்கள், வீட்டில். அன்றைய ஏலில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் ஒரு செடியின் பூ) கிடையாது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். சில நாட்களில் புளித்துவிடும் என்பதால் நிறையக் காய்ச்சி வைக்க முடியாது. வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுகிற பெண் மிச்சத்தை விற்பார். விற்பனைக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கம்பு நீட்டி, அதில் இலைக்கொத்து கட்டுவார். தரத்தையும் விலையையும் பார்க்க ஏல் சோதகர்கள் வருவார்கள். 13-ஆம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் விலை வரையறுத்த சட்டம் இருந்தது. தானிய விலை ஏறினால் ஏல் விலையும் ஏறலாம், அந்த அளவுக்கு மட்டும்.

15-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து, இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கமிருந்து ஹாப்ஸ் போட்ட பீர் பரவியது. ஹாப்ஸ் கெடாமல் காக்கும். கெடாது என்றால் பெரிய அளவில் காய்ச்சலாம், வண்டியில் ஏற்றலாம். அதற்குப் பெரிய பாத்திரமும் முதலும் வேண்டும். முதல் ஆண்கள் கையில் இருந்தது. வீட்டுப் பெண்களின் தொழில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிப் போனதற்கு அந்தச் செடியும் ஒரு காரணம்.

செயின்ட் ஆல்பன்ஸில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தானியமோ மால்ட்டோ, மடாலயத்தின் ஆலையில்தான் கட்டணம் கொடுத்து அரைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வீட்டில் கையால் சுற்றும் திரிகைகளை ஒளித்து வைத்து அரைத்தார்கள். ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் என்ற மடத் தலைவர் (வானியல் கடிகாரம் செய்த மேதையும் அவரே) திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்ய வைத்தார். அவற்றை மடத்தின் தரையில் பாவினார்கள். 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் ஊர்மக்கள் உள்ளே புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்து எடுத்தார்கள். கிளர்ச்சி தோற்றது. அதன் பிரசங்கி ஜான் பால் 1381 ஜூலை 15 அன்று இதே ஊரில் மன்னர் முன்னிலையில் கொல்லப்பட்டார்.

'வெள்ளை மான்', 'பெண் மயில்' என்றெல்லாம் ஏன் பெயர்?

எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம்தான் முகவரி. 1393-இல் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில், ஏல் விற்கிறவர் அடையாளம் தொங்கவிட்டே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. வெள்ளை மான் அந்த மன்னரின் சொந்தச் சின்னம். விசுவாசம் காட்ட நாடெங்கும் 'வொயிட் ஹார்ட்'கள் தோன்றின. 'ரோஸ் அண்ட் கிரவுன்' டியூடர் மன்னர்களுக்கு மரியாதை. 'வூல்பேக்' கம்பளி மூட்டை, அந்த ஊரின் பிழைப்பைச் சொல்வது. ஹோலிவெல் ஹில் உச்சியில் இருக்கும் 'பீஹென்', அதாவது பெண் மயில், மிக அபூர்வமான பெயர். பெயர் 15-ஆம் நூற்றாண்டினது. இப்போது நிற்கும் கட்டடம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது.

பப் வாசலில் ஒரு பிரபு கொல்லப்பட்டார் என்பது உண்மையா?

ஆம். 1455 மே 22, இங்கிலாந்து அரியணைக்காக அரச குடும்பத்தின் இரு கிளைகள் மோதிய ரோஜாப் போர்களின் முதல் சண்டை. வயல்வெளியில் நடந்ததல்ல, வீதிகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சந்தையிலும் நடந்தது. ஆறாம் ஹென்றி மன்னரின் பக்கம் நின்ற சாமர்செட் கோமகன் எட்மண்ட் போஃபோர்ட் 'காசில்' (கோட்டை) என்ற இன்னின் வாசலில் வெட்டுண்டார். கோட்டைகளிடம் எச்சரிக்கையாக இரு என்று குறி சொல்பவர் அவரிடம் சொல்லியிருந்ததாகவும், அவர் நிஜக் கோட்டைகளுக்குப் பயந்து கடைசியில் பலகையில் தீட்டிய கோட்டையின் கீழே விழுந்ததாகவும் கதை. ஷேக்ஸ்பியர் இதை விடுவாரா? தன் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார். அந்த இன் இன்று இல்லை. செயின்ட் பீட்டர்ஸ் தெருவும் விக்டோரியா தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

ஓவியர் ஹோகார்த் இங்கே தங்கியிருந்தாரா?

ஹோலிவெல் ஹில்லில் உள்ள வொயிட் ஹார்ட்டில் 1746-இல் நடந்தது அது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீட்க நடந்த ஜேக்கபைட் கிளர்ச்சியில் சிக்கிய ஸ்காட்லாந்துக் கிழப் பிரபு லோவட், விசாரணைக்காக லண்டனுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் அங்கே தங்க வைக்கப்பட்டார். வில்லியம் ஹோகார்த் வந்து பார்த்து வரைந்தார். பருத்த உடல், குறும்புச் சிரிப்பு, விரல்விட்டு எதையோ எண்ணும் பாவனை. அந்த அச்சுப்படம் அமோகமாக விற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று லோவட்டின் தலை போனது. பிரிட்டனில் தலை துண்டித்து நிறைவேற்றிய கடைசி மரண தண்டனை அதுவே.

ஒயின் விற்ற காசில் பள்ளிக்கூடம் நடந்தது என்கிறார்களே?

நடந்தது. மடாலயம் மூடிய பிறகு ஊர்ப் பள்ளிக்கு வருமானம் இல்லை. முதலாம் எலிசபெத்தின் அமைச்சரும், பக்கத்திலேயே மாளிகை வைத்திருந்தவருமான சர் நிக்கோலஸ் பேக்கன் 1570-இல் அரசியிடம் ஒரு சாசனம் வாங்கிக் கொடுத்தார். ஊருக்குள் ஒயின் விற்கும் உரிமத்தைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் கொடுத்து, அதற்கு வரும் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த 'ஒயின் சாசனம்' பல தலைமுறை பள்ளியைக் காப்பாற்றியது. செயின்ட் ஆல்பன்ஸ் பள்ளி இன்றும் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறது.

ஒரே தெருவில் ஏன் இத்தனை இன்கள்? சில தெருக்களில் ஏன் ஒன்றுமே இல்லை?

முழுப் பதிலும் சாலையில் இருக்கிறது. வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை லண்டனிலிருந்து வரும் சாலை, தெற்கே தாழ்வான சோப்வெல் லேன் வழியாக வந்து, ஹோலிவெல் ஹில்லின் நடுவே சேர்ந்தது. அங்கிருந்து செங்குத்தான மேட்டில் ஏறி, உச்சியில் திரும்பி, ஜார்ஜ் தெரு வழியாக ஃபிஷ்பூல் தெருவில் இறங்கி, ஆற்றைக் கடந்து வடமேற்கே போகும். ஆகவே இன்கள் எங்கே? சோப்வெல் லேனில் 'கோட்', ஹோலிவெல் ஹில்லில் வரிசையாகப் பல, ஜார்ஜ் தெருவில் 'ஜார்ஜ்', ஃபிஷ்பூல் தெரு நெடுக மேலும் பல. ஜார்ஜ் இன்னில் தங்கும் பெரிய மனிதர்களுக்காக உள்ளேயே பூசை நடத்த ஒரு சிறு வழிபாட்டறைக்கு 15-ஆம் நூற்றாண்டில் அனுமதி கிடைத்திருந்தது. வாடிக்கையாளரின் தகுதி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோச்சு வண்டிகள் பெருகியபோது அந்தக் குறுகலும் ஏற்றமும் தாங்கவில்லை. குதிரைகளைப் பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லண்டனை விட்டால் முதலில் பார்னெட், அடுத்து செயின்ட் ஆல்பன்ஸ். 1790-களில் சுங்கச் சாலை நிர்வாகம் லண்டன் ரோடு என்ற புதுச் சாலையை வெட்டி, வண்டிகளை நேரே மேட்டு உச்சியில் கொண்டுவந்து சேர்த்தது. சோப்வெல் லேன் ஒரே வீச்சில் சந்துபொந்து ஆகிவிட்டது. பெரிய இன்னாக இருந்த கோட் அக்கம்பக்கத்தார் வரும் பப்பாகச் சுருங்கியது.

அடுத்த அடி மறுபக்கம் விழுந்தது. 1801-இல் அயர்லாந்தும் பிரிட்டனும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தபின், டப்ளினிலிருந்து கப்பலேறி வேல்ஸ் துறைமுகமான ஹோலிஹெட்டில் இறங்கும் உறுப்பினர்கள் லண்டன் வருவதற்கு நல்ல சாலை வேண்டும் என்று நச்சரித்தார்கள். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டிடம் அந்தப் பணி போனது. 1826-இல் அவருடைய திட்டப்படி வெருலாம் ரோடு திறந்தது. ஃபிஷ்பூல் தெருவின் வளைவுகளும் இறக்கமும் இனி யாருக்கும் வேண்டாம். அந்தத் தெரு அன்று உறைந்தது உறைந்ததுதான்; இன்று அவ்வளவு அழகாக இருப்பதற்குக் காரணமும் அந்த ஏழ்மைதான். இடித்துக் கட்ட யாருக்கும் காசு இல்லை.

புதுச் சாலையில் 'வெருலாம் ஆர்ம்ஸ்' என்று பிரமாண்டமான கோச்சு விடுதி எழுந்தது. பாவம், அதன் நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

ரயில் வந்ததும் என்ன ஆனது?

1838-இல் லண்டன்–பர்மிங்ஹாம் ரயில் பாதை முழுவதும் திறந்தது. அது செயின்ட் ஆல்பன்ஸைத் தொடவே இல்லை, வாட்ஃபோர்ட் வழியாகப் போயிற்று. நெடுந்தூரக் கோச்சுகள் சில ஆண்டுகளில் நின்றுபோயின. லாயங்கள் காலி; குதிரைக்காரர், கொல்லர், சேணம் தைப்பவர் எல்லோருக்கும் வேலை போனது. வெருலாம் ஆர்ம்ஸ் விடுதியாக நீடிக்கவில்லை. ஊருக்குச் சொந்த ரயில் கிளை 1858-இல்தான் வந்தது. லண்டனுக்கு நேரடி முதன்மைப் பாதை 1868-இல். அதற்குள் இன்களின் காலம் முடிந்திருந்தது. தப்பியவை சந்தை நாள் கூட்டத்தை நம்பி வாழ்ந்தவை.

தேர்தலுக்கும் இந்த இன்களுக்கும் என்ன சம்பந்தம்?

வேட்பாளரின் அலுவலகமே இன்தான். வாக்காளருக்கு இலவசச் சாப்பாடும் பீரும் அங்கேதான் ஊற்றப்படும். செயின்ட் ஆல்பன்ஸ் இதில் எல்லை மீறிப் போனது. 1850 இடைத்தேர்தலில் ஜேக்கப் பெல் (பிரிட்டிஷ் மருந்தாளர் சங்கத்தை நிறுவியவர்) வென்றபோது காசு பாய்ந்தது வெளியே வந்து, விசாரணை ஆணையம் அமைந்தது. 1852-இல் நாடாளுமன்றம் இந்தத் தொகுதியையே ஒழித்துவிட்டது. ஓட்டுக்குக் காசு வாங்கியதற்காக ஊருக்கே தொகுதி பறிபோனது.

தெருமுனைகளில் இருக்கும் சின்னச் சின்னப் பப்புகள் எப்போது வந்தவை?

பல 1830-க்குப் பிறகு வந்தவை. ஜின் குடியைக் குறைக்க, பீரை எளிதாக்குவோம் என்று அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். வரி கட்டும் குடித்தனக்காரர் எவரும் இரண்டு கினி (அன்றைய பணக் கணக்கு) செலுத்தினால் வீட்டிலேயே பீர் விற்கலாம். நீதிபதியிடம் போக வேண்டாம். நாடு முழுக்கச் சில ஆண்டுகளில் 40,000-க்கும் மேற்பட்ட பீர் கடைகள் முளைத்தன. 1869-இல் கடிவாளம் மறுபடி நீதிபதிகளின் கைக்குப் போனது.

உலகறிந்த பீர் இயக்கம் ஒன்றுக்கு இந்த ஊர் தலைமையகம் என்பது சரியா?

சரி. அதன் பெயர் காம்ரா. 1960-களில் பெரிய நிறுவனங்கள் சின்ன ப்ரூவரிகளை விழுங்கிக்கொண்டிருந்தன. வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றிய பீரை எல்லாப் பப்புகளிலும் திணித்தன. மரபான ஏல் அப்படியல்ல. பப்பின் நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே கடைசி நொதித்தல் நடக்கும். கையால் இழுக்கும் பம்பில் மேலே வரும். அதைக் காப்பாற்ற 1971-இல், அயர்லாந்துக்கு விடுமுறை போயிருந்த நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் தொடங்கியதுதான் காம்ரா. அலுவலகம் செயின்ட் ஆல்பன்ஸில் அமைந்தது. லோயர் டாக்னல் தெருவில் உள்ள 'ஃபேரியர்ஸ் ஆர்ம்ஸ்' பப்பில், காம்ராவின் முதல் கிளைக் கூட்டம் நடந்ததைச் சொல்லும் பலகையைப் பார்க்கலாம்.

பப்புகள் மூடிக்கொண்டே போகின்றனவாமே, சட்டம் எதுவும் காப்பாற்றாதா?

ஓரளவு. 2011 சட்டப்படி ஊர்மக்கள் ஒரு பப்பைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலிடச் சொல்லலாம். விற்பனைக்கு வந்தால் அவர்கள் வாங்க முயல அவகாசம் கிடைக்கும். 2017 முதல் இங்கிலாந்தில் ஒரு பப்பைத் திட்ட அனுமதி இல்லாமல் கடையாக மாற்றவோ இடிக்கவோ முடியாது. வாடகை, மின்கட்டணம், வரி இவற்றிலிருந்து காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை.

நான் குடிப்பதில்லை, குழந்தைகளும் உடன் வருகிறார்கள். உள்ளே போகலாமா?

தாராளமாக. பகலில், பெரியவர்களோடு வரும் குழந்தைகளைப் பெரும்பாலான பப்புகள் அனுமதிக்கும். வாசலிலேயே விதி எழுதியிருக்கும். எலுமிச்சைச் சாறோ காபியோ கேட்டால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். மேசையில் உட்கார்ந்து ஆளைத் தேட வேண்டாம். பல இடங்களில் நீங்களே பாருக்குப் போய்ச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும்.

ஒரு மதிய நேரம்தான் இருக்கிறது. எந்த வழியில் நடந்தால் இதெல்லாம் கண்ணில் படும்?

பழைய பயணி வந்த வழியிலேயே வாருங்கள். சோப்வெல் லேனில் தொடங்கி கோட் பப்பின் வண்டி வாயிலைப் பாருங்கள். உயரமான அந்தத் திறப்பு, உள்ளே முற்றம், சுற்றிலும் லாயம் இருந்த இடம். பிறகு ஹோலிவெல் ஹில் ஏறுங்கள். செங்கல் முகப்பைக் கண்டு 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து பார்த்தால் பல இடங்களில் மரச்சட்டமும் சாய்ந்த கூரையும் தெரியும். முகத்துக்கு மட்டும் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். உச்சியில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மணிக்கூண்டு. அதன் அருகே பிரெஞ்ச் ரோ, சந்தையின் குறுகலான பழைய சந்து. பக்கத்திலேயே தாழ்ந்த கூரையுள்ள 'பூட்' பப். அங்கிருந்து ஜார்ஜ் தெரு வழியாக ஃபிஷ்பூல் தெருவில் இறங்கினால் கடைசியில் செயின்ட் மைக்கேல்ஸ் வரும். அங்குள்ள 'சிக்ஸ் பெல்ஸ்' பப் நிற்பது ரோமானிய நகரத்தின் எல்லைக்குள்ளேயே. ஆற்றோரமாகத் திரும்பி வந்தால் ஃபைட்டிங் காக்ஸ். படம் எடுக்க வேண்டுமானால் அங்கே எடுத்துக்கொள்ளுங்கள். புதன் அல்லது சனி போனால் சந்தையும் சேர்ந்து கிடைக்கும். வார இறுதி மாலைகளில் மேசை கிடைப்பது மட்டும் கஷ்டம்.